நரி தோண்டாம இருக்கப் போட்ட கல்லு

ரெண்டாவது உலக யுத்தம் நடந்துகிட்டு இருந்த சமயம். சித்தேரி மலையிலிருந்து எறங்கற ஒத்தையடிப் பாதை வந்து முடியற எடத்துல எங்க ஊரு. இன்னைக்கு தர்மபுரி மாவட்டம்ங்கறாங்க, அன்னைக்கு அதெல்லாம் சேலம் ஜில்லா. அந்தப் பாதை ஓரத்துல எனக்கு மூணு ஏக்கரா காடு. எங்க பக்கம் மானாவாரி நெலத்தைக் காடுன்னுதான் சொல்லுவோம். மரம் மட்டை நெறைஞ்ச காடுன்னு நெனச்சுக்காதீங்க. ராகியும் சாமையும் வெதைப்போம், அவ்வளவுதான். அந்தக் காட்டு ஓரத்துல ஒரு அமெரிக்கா டாக்டரைக் குழி வெட்டிப் பொதைச்சவன் நான். ரெண்டு வருசம் கழிச்சு அவரைத் தோண்டி எடுக்கக் கடப்பாறையோட போனவனும் நானேதான். இத்தனை காலமா வெளியாளுங்கள்ல ஒருத்தியைத் தவிர யாருகிட்டயும் சொன்னதில்லை. வெக்கம். எண்பது வயசுக்கு மேல என்ன வெக்கம் வேண்டிக் கெடக்கு, சொல்லிடறேன்.

அந்த டாக்டரு எங்க ஊருக்கு வந்தப்ப நான் மீசை மொளைக்காத பையன். ஊருக்கு வெளிய ஒரு ஓட்டு வூட்டுல ஆஸ்பத்திரி வெச்சாரு. வெள்ளைக்காரன்னா இங்கிலீசுக்காரன்னுதான் நாங்க நெனச்சோம். அவருகூட இருந்த கம்பவுண்டருதான், "இல்லைங்க, இவரு அமெரிக்கா. முதல் யுத்தத்துல அந்த நாட்டுப் பட்டாளத்துல ரண வைத்தியம் பாத்தவரு"ன்னு சொன்னாரு. குண்டு பட்டவன், கை கால் போனவன், இப்படி ஆயிரக்கணக்கான பேரை வெட்டித் தைச்ச கைங்களாம். அந்தக் கதையைக் கேக்கணும்னு நாங்க எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கோம். ஒரு தடவைகூட அவரு வாயைத் தொறக்கலை. கல்யாணம் காட்சி கெடையாது. ஆறடிக்கு மேல ஒசரம், எங்க வூட்டு வாசல்ல நொழையணும்னா பாதியா மடங்கணும்.

பட்டாளத்துப் பழக்கம் ஒண்ணை மட்டும் விடவே இல்லை. காலையில வந்து குந்தியிருக்கற சனங்களை ஒரு சுத்து சுத்திப் பாப்பாரு. மணிக்கட்டுல ஆளுக்கொரு துணிநாடா கட்டுவாரு. செவப்பு கட்டினா ஒடனே உள்ள போகணும். மஞ்ச கட்டினா கொஞ்ச நேரம் பொறுக்கணும். வெள்ளை கட்டினா, நீ சாகமாட்ட, சாயங்காலம் வரைக்கும் குந்துன்னு அர்த்தம். எங்க ஊர்க்கவுண்டரு, அதாவது ஊருக்குத் தலைவரு, ஒரு தடவை இருமல்னு குதிரை வண்டியில போனாரு. அவருக்கு வெள்ளை. கரடி கிழிச்ச ஒருத்தனை, மலைச் சனத்து ஆளு, தூக்கியாந்தாங்க, அவனுக்குச் செவப்பு. கவுண்டருக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "எனக்குச் செவப்பு கட்டுய்யா, எவ்வளவு வேணாலும் தரேன்"னு கத்தினாரு. டாக்டரு சிரிச்சுகிட்டே, "செவப்பு வேணும்னா முதல்ல கரடியைப் பாத்துட்டு வாங்க"ன்னுட்டாரு. ஊரே ஒரு மாசம் சிரிச்சுச்சு. கவுண்டரு மட்டும் சிரிக்கலை.

எனக்கும் ஒரு நாள் செவப்பு கட்டினாங்க. பொங்கல் கழிச்சு எருதாட்டம். எளவட்டத் திமிரு, மாட்டுக்கு முன்னால போய் நின்னேன். அது கொம்பால வயித்துல ஒரே கீறு. குடலு வெளிய வந்துடுச்சு. கயித்துக் கட்டில்ல போட்டுத் தூக்கிட்டு ஓடினாங்க. எங்க ஆத்தா தலைமயிரைப் பிச்சுகிட்டு அழுவுது. டாக்டரு என்னைக் குனிஞ்சு பாத்துட்டு மொதல்ல கேட்டது என்ன தெரியுங்களா? "கடைசியா எப்பச் சாப்பிட்டீங்க?" எங்க ஆத்தாவுக்குப் பொறுக்கலை. "குடலு வெளிய கெடக்குது, சோத்தைப் பத்திக் கேக்கறானே பாவி!"ன்னு மண்ணை வாரித் தூத்துச்சு. நான் காலையிலருந்து ஒண்ணும் திங்கலைன்னு மொனகினேன். அதைக் கேட்டு அந்த மனுசன் முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு. வயித்துல சோறு இருந்திருந்தா பொழைக்கறது கஷ்டம்னு அப்புறம் கம்பவுண்டரு சொன்னாரு.

நாப்பது நாள் ஆஸ்பத்திரியில கெடந்தேன். தெனம் காலையில வந்து தையலை மோந்து பாப்பாரு. ஆமாங்க, மோந்துதான் பாப்பாரு. கெட்ட வாடை வந்தா உள்ள சீழுன்னு அர்த்தமாம். நான் கூச்சப்பட்டு நெளிவேன். "பட்டாளத்துல ராத்திரி வெளக்கு இருக்காது, மூக்குதான் வெளக்கு"ன்னு ஒரு நாள் சொன்னாரு. யுத்தத்தைப் பத்தி அவரு வாயிலருந்து நான் கேட்டது அந்த ஒத்த வரிதான். பொழைச்சு எழுந்து, கல்யாணமும் பண்ணிகிட்டு, மறுபடியும் ஏரு பூட்டினேன். தழும்பு இன்னைக்கும் வயித்துல இருக்குது, பெரிய பூரான் கணக்கா.

யுத்தம் வந்ததும் அவங்க ஆளுங்க, ஊருக்குத் திரும்பி வந்துடுங்கன்னு கடுதாசி மேல கடுதாசி போட்டாங்களாம். அவரு போகலை. அந்த வருசம் ஐப்பசியில மலைக்காச்சலு அடிவாரம் பூரா பரவுச்சு. மலைக்கும் ஊருக்கும் நடையா நடந்து எல்லாருக்கும் கசப்பு மாத்திரை குடுத்தவரு, கடைசியில தானே படுத்துட்டாரு. கம்பவுண்டரு ஓடியாந்து என்னைக் கூட்டிட்டுப் போனாரு. அந்த நெடிய உடம்பு கட்டிலுக்கு வெளிய காலை நீட்டிகிட்டுக் கெடந்துச்சு. சேலத்துக்குக் கொண்டு போலாம்னா வாணியாத்துல வெள்ளம், வண்டி எறங்காது. அப்படியொரு மழை அன்னைக்கு. டாக்டரு என்னைப் பாத்து, மெதுவா, "உங்க காட்டு ஓரத்துல எனக்கு ஒரு ஆறடி எடம் தருவீங்களா?"ன்னு கேட்டாரு. "ஆறடி பத்தாதுங்க சாமி, நீங்க ஒசரம். ஏழடி எடுத்துக்கங்க. உங்களை யாரும் அசைக்க மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்"ன்னேன். அவரு சிரிச்சாரு. மறுநாள் விடியக்காலையில போயிட்டாரு.

குழி வெட்ட வெட்டத் தண்ணி ஊறுது. ரெண்டு பேரு எறைக்க, ரெண்டு பேரு வெட்ட, மத்தியானம் ஆயிடுச்சு. ஏரும் வண்டிச் சக்கரமும் செய்யற எங்க ஊரு ஆசாரி சவப்பெட்டின்னா என்னன்னே பாத்ததில்லை. மாட்டு வண்டிப் பலகையை ஒடைச்சு ஏதோ பெட்டி மாதிரி அடிச்சுக் குடுத்தாரு. பெட்டிக்குள்ள அவரைக் கெடத்தி, அவரோட பழைய பட்டாளத்துக் கம்பளியைப் போத்தினோம். எங்க வழக்கப்படி தெக்க தலை வைக்கலாம்னு நாங்க. இல்லைங்க, மேற்க தலை வெச்சு கெழக்க பாத்துத்தான் படுக்கணும்னு கம்பவுண்டரு. சரி, அவரு தெய்வம் அவருக்குன்னு விட்டுட்டோம். கம்பவுண்டரு அவங்க ஜெபத்தைச் சொன்னாரு. நாங்க ஆளுக்கொரு பிடி வாய்க்கரிசி போட்டோம். பெத்த புள்ளை இருந்து செய்யவேண்டிய காரியம், நூறு பேரு வரிசையில நின்னு செஞ்சோம். மழையில நனைஞ்சுகிட்டே மலைச் சனங்க தூரத்துல நின்னுச்சுங்க. எங்க பக்கம் புதுக் குழியை நரி தோண்டும். அதனால மண்ணு மூடினதும் மேல கல்லு வெப்போம். நானும் ரெண்டு கல்லைத் தூக்கி வெச்சேன். நெலம் குடுத்தவன் நான், என் கடமை முடிஞ்சுதுன்னு வூட்டுக்கு வந்துட்டேன்.

ஆஸ்பத்திரியை மூடிட்டாங்க. கம்பவுண்டரு ஊரைவிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் மழையும் போயிடுச்சு.

மொத வருசம் பொறுத்தோம். ரெண்டாவது வருசமும் ஆடியில ஒரு துளி இல்லை, ஆவணியில ஒரு துளி இல்லை. கெணத்துல கயித்துக்கு மேல கயிறு முடிஞ்சு விட்டாலும் சேறுதான் வந்துச்சு. என் எருதுங்க ரெண்டும் விலா எலும்பு தெரிய நின்னுச்சுங்க. தீனிக்கு வூட்டுக் கூரையிலருந்து பழைய வைக்கோலை உருவிப் போட்டேன். ஊரெல்லாம் மொளைப்பாரி, கொடும்பாவி, எல்லாம் பண்ணிப் பாத்தாச்சு. அப்பத்தான் அந்தப் பேச்சு கெளம்புச்சு.

எங்க பக்கம் ஒரு பழக்கம் இருந்துச்சு. இப்பச் சொன்னா அசிங்கமா இருக்கும். ஆனா இருந்துச்சு. ஒடம்புல வெள்ளைத் திட்டு இருந்தவங்களைச் செத்தா பொதைக்கக் கூடாது, எரிக்கணும்பாங்க. தப்பிப் பொதைச்சுட்டா மேகம் அந்த ஊரு மேல எறங்காதாம். மழை பொய்ச்சா, யாரை எங்க பொதைச்சோம்னு யோசிச்சு, தோண்டி எடுத்து ஆத்து மணல்ல வெச்சுக் கொளுத்துவாங்க. அது வெறும் தோலு நெறம், ஒட்டாது, ஒரு கெடுதலும் பண்ணாதுன்னு இன்னைக்கு நமக்குத் தெரியும். அன்னைக்கு எவனுக்குத் தெரியும்? கோயில் முன்னால ஊரு கூடுச்சு. ஊர்க்கவுண்டரு என்னை நடுவுல நிக்க வெச்சு, "உன் காட்டுல ஒரு வெள்ளை ஒடம்பு கெடக்குது. அதை எடுத்தாத்தான் மழை"ன்னாரு.

நான் விடலை. "ஐயா, அது நோவு இல்லைங்க. அவரு பொறந்ததே வெள்ளைங்க, அவங்க நாட்டுல எல்லாருமே வெள்ளைங்க"ன்னேன். "நோவோ பொறப்போ, வெள்ளை வெள்ளைதான்"ன்னாரு கவுண்டரு. கூட்டம் பூரா ஆமாம்னு தலையை ஆட்டுச்சு. அவங்க நாட்டுல அப்ப மழையே பேயாதான்னு கேக்கணும்னு அன்னைக்குத் தோணலை பாருங்க! பத்து நாள் கழிச்சு வூட்டுல படுத்திருக்கறப்பத் தோணுச்சு. நம்ம புத்தி எப்பவும் அப்படித்தானே, சந்தை கலைஞ்சப்புறம் கடை விரிக்கும்.

ஒத்துக்கலைன்னா ஊர்க்கட்டுன்னுட்டாங்க. ஊர்க்கட்டுன்னா பொதுக் கெணத்துல தண்ணி எடுக்க முடியாது, நெருப்பு வாங்க முடியாது, நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. அந்தப் பஞ்சத்துல பொதுக் கெணத்துத் தண்ணியும் இல்லைன்னா எருதுங்க மூணு நாள் தாங்காது. எருது போனா நான் போனேன். ஊரோட ஒத்துப் போன்னு நாலு பேரு வந்து புத்தி சொன்னாங்க. சரின்னுட்டேன். ஒரு பொழுதுல என் வாயாலயே சரின்னுட்டேன்.

வூட்டுக்கு வந்து சொன்னேன். எம் பொஞ்சாதி களி கிண்டிகிட்டு இருந்தவ துடுப்பைக் கீழ வெச்சா. என் மூஞ்சியைக்கூடப் பாக்கலை. "அப்படியே உங்க வயித்துத் தையலையும் பிரிச்சுக் குடுத்துட்டு வாங்க"ன்னா.

குறி சொல்ற கோடாங்கி நாள் பாத்துச் சொன்னான். நாளைப் பாத்தவன், அது மலைச் சனங்க எறங்கி வர்ற சந்தை நாளுங்கறதைப் பாக்கலை. கெழக்கு வெளுக்கறப்பப் பத்து ஆம்பளைங்க போனோம். கடப்பாறை, மம்முட்டி, பின்னால ஒரு வண்டி நெறைய வெறகு, சண்டைக் காலத்துல எங்கயோ பொறுக்கிச் சேத்த ரெண்டு புட்டி சீமெண்ணெய். சூரியன் ஏறதுக்குள்ள முடிச்சுட்டு வாங்கன்னு ஊர்க்கவுண்டரு சொல்லியிருந்தாரு. நெலம் என்னுது, அதனால மொத அடி நான்தான் போடணும்.

ஆனா கடப்பாறையைப் போடறதுக்கு மண்ணே தெரியலை. எங்க பாத்தாலும் கல்லு. என் மாரு ஒசரத்துக்கு நிக்குது. தெனம் பாக்கற காடுதான், குவியல் வளந்துகிட்டு இருந்ததும் தெரிஞ்சதுதான். சந்தைக்கு வர்ற மலைச் சனங்க ஏதோ சடங்குக்குப் போடுதுங்கன்னு நெனச்சிருந்தேன். கிட்டப் போய் ஒரு நாளும் பாத்ததில்லை. சரி, மொதல்ல கல்லை அகத்துவோம்னு ஆளுக்கொண்ணாத் தூக்கி எறிய ஆரம்பிச்சோம்.

நாலு கல்லைத் தூக்கினவன், அஞ்சாவதைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். என் காட்டுக் கல்லை எனக்குத் தெரியுமுங்க. எங்க அப்பன் காலத்துலருந்து ஒவ்வொண்ணாப் பொறுக்கி வரப்புல போட்ட கல்லு, எல்லாம் வெளுத்த சுண்ணாம்புக் கல்லு. இந்தக் குவியல்ல இருந்தது அது இல்லை. கருங்கல்லு, அது மலை உச்சியில கெடைக்கும். செம்புறாங்கல்லு, அது மலைக்கு அந்தப் பக்கம். வழவழன்னு ஆத்துக் கூழாங்கல்லு. ஒடைஞ்சு போன திருகைக்கல்லுத் துண்டு ஒண்ணு, அம்மிக் கொழவி ஒண்ணு. எவ்வளவோ தேடினேன். நான் அன்னைக்கு வெச்ச அந்த ரெண்டு கல்லைத் தவிர என் காட்டுக் கல்லு ஒண்ணுகூட அதுல இருக்காது போல. அத்தனையும் யாரோ அவங்கவங்க வூட்டு வாசல்லருந்து தூக்கிகிட்டு, தலையில சந்தைச் சுமையும் வெச்சுகிட்டு, அந்தச் செங்குத்துப் பாதையில எறங்கியாந்த கல்லுங்க. மத்தவங்களும் கையில கல்லை வெச்சுகிட்டு ஒருத்தரை ஒருத்தரு பாக்கறாங்க.

அப்பப் பாத்து மலைப்பாதையில ரெண்டு பொம்பளைங்க வந்தாங்க, அக்கா தங்கச்சிங்க. தலையில புளி மூட்டை. மூத்தவளுக்கு என் வயசு இருக்கும். எங்களைப் பாத்து நின்னா. கலைஞ்சு கெடந்த கல்லைப் பாத்தா. எங்க கையைப் பாத்தா. கத்துவா, மாரடிச்சுகிட்டு அழுவா, என்ன பதில் சொல்றதுன்னு நான் தவிக்கறேன். அவ மூட்டையை எறக்கி வெச்சா. தங்கச்சிகிட்ட ஏதோ சொன்னா, அந்தப் பொண்ணு வந்த வழியே மேல ஓடுச்சு. அப்புறம் எங்களைப் பாத்து வாயெல்லாம் பல்லா, "சரிஞ்சுடுச்சுங்களா அண்ணா? நாங்க கண்டபடி போட்டுட்டுப் போறது, நிக்குமுங்களா? நீங்களாவது நேரா அடுக்கறீங்களே, உங்களுக்குக் கோடிப் புண்ணியமுங்க"ன்னா.

அவ கடகடன்னு நான் எறிஞ்ச கல்லைப் பொறுக்கி, பெருசைக் கீழயும் சிறுசை மேலயும் வெச்சு அடுக்க ஆரம்பிச்சுட்டா. சும்மா நிக்க மாட்டாம, "எதுக்கும்மா இத்தனை தூரத்துலருந்து கல்லைச் சொமந்துகிட்டு வர்றீங்க?"ன்னு கேட்டேன். அவ நிமிந்து கூடப் பாக்கலை.

"நரி தோண்டிடக் கூடாதில்லைங்களா" ன்னா.

நான் கடப்பாறையோட நின்னுகிட்டு இருந்தேன்.

மேல ஓடின தங்கச்சி திரும்பி வந்தா. அவ பின்னால முப்பது நாப்பது பேரு. கல்லு அடுக்கறாங்களாம், வாங்கன்னு சொல்லியிருக்கா போல. எல்லாரும் சுமையை எறக்கிட்டு வரிசையா நின்னுட்டாங்க. கைக்குக் கை கல்லு மாறுது. ஒவ்வொருத்தரும் தன் கல்லைக் கண்டுபிடிச்சு வெக்கறாங்க, அதுவும் எதுக்குன்னு சொல்லிகிட்டே வெக்கறாங்க. இது எம் புள்ளை பேதிக்கு. இது எங்க அப்பன் கண்ணுக்கு. இது தலைச்சன் பிரசவத்துக்கு. காது வரைக்கும் கன்னம் கிழிஞ்சு தைச்ச ஒரு ஆளு வந்தான். அந்தக் கரடி கிழிச்ச ஆளுதான். அவன் ஒண்ணும் சொல்லலை. ரெண்டு கையாலயும் ஒரு பெரிய கருங்கல்லைத் தூக்கி மாரோட அணைச்சு, குழந்தையைக் கெடத்தற மாதிரி மெதுவா வெச்சுட்டுப் போனான். நாங்க பத்துப் பேரும் எப்ப அந்த வரிசைக்குள்ள போனோம்னு எனக்கு ஞாபகம் இல்லை. வெறகு வண்டி ஓட்டியாந்தவன் எனக்குக் கல்லு எடுத்துக் குடுக்கறான், நான் அடுத்தவனுக்குக் குடுக்கறேன். கண்ணுல தண்ணி ஊத்துது, தொடைக்கக் கை ஒழியலை.

வெயிலு ஏறினதும், வேலை முடிஞ்சுதான்னு பாக்க ஊர்க்கவுண்டரு வந்தாரு. வண்டியில வெறகு அப்படியே இருக்குது. அவரு அனுப்பின ஆளுங்க மலைச் சனங்களோட நின்னு கல்லு அடுக்கறாங்க. மூஞ்சி செவந்து வாயைத் தொறந்தாரு. அதுக்குள்ள வரிசையில நின்ன ஒரு கெழவரு, அவரு யாருன்னே தெரியாம, "பிடிங்க சாமி"ன்னு ஒரு கல்லை அவரு கையில வெச்சுட்டாரு. கவுண்டரு அந்தக் கல்லையே பாத்துகிட்டு நின்னாரு. கீழ போட்டுடுவாருன்னுதான் நான் நெனச்சேன். போடலை. குவியலோட ஒரு ஓரத்துல வெச்சுட்டுத் திரும்பி நடந்தாரு. ஊர்க்கட்டுன்னு அதுக்கப்புறம் ஒருத்தரும் வாயைத் தொறக்கலை. அன்னைக்கு மத்தியானம் அந்தக் குவியலு காலையில இருந்ததைவிட ஒரு மொழம் ஒசந்து நின்னுச்சு.

ஒடனே மழை வந்துச்சுன்னு சொன்னா உங்களுக்குச் சந்தோசமா இருக்கும். வரலைங்க. அந்த வருசமும் பொய்ச்சுது. என் எருதுல ஒண்ணு செத்துப்போச்சு, இன்னொண்ணோட பக்கத்து வூட்டு மாட்டைச் சேத்துப் பூட்டி ஓட்டினேன். அடுத்த வருசம் எல்லா ஊருக்கும் பேஞ்ச மாதிரி எங்களுக்கும் பேஞ்சுது. டாக்டரு தடுக்கவும் இல்லை, குடுக்கவும் இல்லை. அவரு பாட்டுக்குத் தூங்கிகிட்டு இருந்தாரு.

ஆனா என் மனசுல ஒண்ணு அரிச்சுகிட்டே இருந்துச்சு. நம்மளை நல்லவன்னு நெனச்சு ஒருத்தி கோடிப் புண்ணியம்னு சொல்லிட்டுப் போறா, நாம அதை வாங்கிகிட்டுச் சும்மா இருக்கறோமேன்னு. மழை பேஞ்ச வருசம் ஒரு சந்தை நாள்ல பாதையில அந்த அக்காக்காரியை நிறுத்தினேன். "அம்மா, அன்னைக்கு நாங்க அடுக்க வரலை. தோண்ட வந்தோம். தோண்டிக் கொளுத்த வந்தோம்"ன்னு சொல்லிட்டேன்.

அவ மூட்டையைத் தலையில சரி பண்ணிகிட்டே சிரிச்சா.

"தெரியுமுங்க அண்ணா. கல்லு அடுக்கறவங்க வெறகு வண்டியும் சீமெண்ணெயுமா கொண்டாருவாங்க?"

அவளே சொன்னா. "நாங்க ரெண்டு பொட்டச்சிங்க, நீங்க பத்து ஆம்பளைங்க. சண்டை போட்டா ஆவுமுங்களா? உங்க மூஞ்சிங்களைப் பாத்தேன். ஒருத்தரு மூஞ்சியிலயும் சந்தோசமில்லை. சரி, இவங்களுக்கும் இது புடிக்கலை, விட்டுட்டுப் போக ஒரு சாக்குதான் இல்லை போலன்னு நெனச்சேன். அதான் தங்கச்சியை மேல ஓட வெச்சுட்டு, நான் அடுக்க ஆரம்பிச்சேனுங்க." அவ்வளவுதான் சொன்னா. சந்தைக்கு நேரமாவுதுன்னு நடந்து போயிட்டா. பேரு என்ன, எந்த ஊருன்னுகூட நான் கேக்கலை.

அந்த டாக்டரு என் குடலை உள்ள தள்ளித் தைச்சது பெரிய காரியம்தான், நான் இன்னைக்கு உயிரோட இருக்கறது அதனாலதான். ஆனா எழுதப் படிக்கத் தெரியாத அந்த மலைப் பொம்பளை, கையும் களவுமாப் பிடிபட்ட பத்துப் பேருக்கு, நல்லவங்களா ஆவறதுக்கு ஒரு எடம் ஒதுக்கிக் குடுத்தா பாருங்க, அதை நெனச்சா இந்த வயசுலயும் எனக்குக் கை ரெண்டும் தானா கூப்பிக்குது.